அரிசிக்குக் கிடைத்த மதிப்பு

நூல் ஓதுவதும் விழிமூடி அமர்வதுமே துறவு என நம்பியிருந்த இளந்துறவி ஒருவரை, காளான் வாங்க வந்த கிழவர் நகைத்துத் திருத்தினார். ஆண்டு 1223. இடம், சீனத் துறைமுகத்திலே நின்றிருந்த ஒரு கப்பல். இளைஞர், மெய்ப்பொருள் தேடி ஜப்பானிலிருந்து சென்ற டோகன். கிழவர், அசோக மன்னன் பெயர் தாங்கிய மலையிலுள்ள மடத்தின் சமையற்காரர், வயது 61. இந்த முதுமையில் அடுப்படி வேலை எதற்கு, அமர்ந்து தியானம் பயிலலாகாதா எனக் கேட்டார் டோகன். பயிற்சி என்றால் என்னவென்றே உமக்கு விளங்கவில்லையே எனச் சிரித்தார் கிழவர். மறுநாள் சமையலுக்கு நேரமாகிறதென்று புறப்பட்டும் விட்டார்.

அந்தச் சிரிப்பு டோகனை விடவில்லை. நாடு திரும்பி, 1237-இல் மடத்துச் சமையற்காரருக்கென்றே ஒரு நூல் எழுதினார். 'தென்சோ கியோகுன்' என்பது அதன் பெயர். தலைமைச் சமையற்காரருக்கு அறிவுரை என்பது பொருள். ஜப்பானில் சோட்டோ எனப்படும் ஜென் பிரிவை நிறுவியவர் எழுதிய அந்நூலில் வானுலகம் இல்லை, வரம் இல்லை, வசியம் இல்லை! அரிசி இருக்கிறது, கீரை இருக்கிறது, கழுவும் நீர் இருக்கிறது. கல்லையும் மணலையும் கண்ணால் பார்த்துப் பொறுக்கச் சொல்கிறார். ஒரு மணி அரிசியும் வீணாகலாகாது என்கிறார். வந்த பொருளைத் தன் கண்மணிபோல் காக்கச் சொல்கிறார். கீரை முரட்டுக் கீரையாயிற்றே என முகம் சுளிக்காதே, உயர்ந்த பண்டம் வந்ததே எனத் துள்ளாதே என்கிறார். உண்ண வருபவர் மூத்தவரா இளையவரா, சிறந்தவரா சிறியவரா என்று எடைபோடாதே எனவும் கட்டளையிடுகிறார்.

போற்றத்தக்க கருத்துகள்! ஏட்டைப் புரட்டுவோன் மேலோன், பானை துலக்குவோன் கீழோன் என்று மதங்கள் பலவும் கோடு கிழித்து வைத்திருந்த காலத்தில், பானை துலக்குவதே அறம் என்று மடத்தலைவர் ஒருவரே எழுதினார். உழைக்கும் கைக்கு உயர்வு தந்த ஏடு அது. பகுத்தறிவாளர் அதைப் படிக்கலாம், படித்துப் பாராட்டலாம். ஆனால் பாராட்டியதும் ஏட்டை மூடிவிடலாகாது. ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது.

ஒரு மணி அரிசியைக் கீழே சிந்தாதே என்கிறாரே, அந்த அரிசியை விளைவித்தவன் யார்? சேற்றிலே நின்றவன் வயிறு நிரம்பிற்றா? இக்கேள்விக்கு நூலில் இடமில்லை. அரிசியின் கதை அங்கே மடத்துப் பண்டகசாலையில் தொடங்குகிறது. துறவியின் திருவோட்டில் முடிகிறது. வயல் இல்லை, வாரம் இல்லை, வரி இல்லை! டோகன் 1244-இல் நிறுவிய, பின்னர் எய்ஹெய்ஜி எனப் பெயர் பெற்ற மடத்திற்கு ஆதரவு தந்து நின்றவர் ஹதானோ யோஷிஷிகே என்ற போர்க்குடித் தலைவர். தலைவன் தந்தான், துறவி உண்டான். உழவன் பெயர் எந்தக் கணக்கில்?

பதின்மூன்றாம் நூற்றாண்டு மனிதரிடம் இருபதாம் நூற்றாண்டுக் கேள்வியைக் கேட்பது முறையா என்பர் சிலர். சரி, அவரை விட்டுவிடுவோம். அவர் வழிவந்தோர் அக்கேள்வியைக் கேட்டபோது என்ன நடந்தது எனப் பார்ப்போம்.

உச்சியாமா குடோ என்பவர் சோட்டோ பிரிவின் துறவி. ஹக்கோனே மலைப்பகுதியில் ஏழை உழவர் நடுவே ஒரு சிறு கோயிலின் பொறுப்பாளர். ஆண்டெல்லாம் உழைத்தும் குத்தகை உழவன் ஏன் வறியவனாகவே இருக்கிறான் என்று அவர் கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை, 1908-இல் கோயிலிலேயே மறைவாக அச்சுப்பொறி வைத்து, நிலக்கிழார்க்குக் குத்தகை தராதீர், அரசுக்கு வரி தராதீர், மன்னன் தெய்வ வழியினன் என்ற கதையை நம்பாதீர் என்று சிறுநூல் அச்சிட்டுப் பரப்பினார். 1909-இல், டோகனின் எய்ஹெய்ஜி மடத்தில் பயிற்சி முடித்துத் திரும்பும் வழியில் கைதானார். பின்னர்ப் பேரரசத் துரோக வழக்கிலும் சிக்கவைக்கப்பட்டார். 1911 சனவரி 24-ஆம் நாள் தூக்கு!

அவருடைய பிரிவினர் கண்ணீர் வடித்தனரா? இல்லை. தூக்கு மேடைக்கு அரசு அனுப்புமுன்பே, 1910-இல், துறவியர் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கினர். ஒரு மணி அரிசியை இழக்க மனம் வராத மரபு, ஒரு மனிதனை எளிதாக இழந்தது!

இன்னொன்றும் கேளுங்கள். இறந்தவர்க்குப் புதுப்பெயர் சூட்டிக் கல்லில் பொறிப்பது ஜப்பானியப் பௌத்தர் வழக்கம். தோல் பதனிடல் முதலிய தொழில்களால் தீண்டத்தகாதோர் எனத் தள்ளப்பட்ட புராக்கு மக்களின் கல்லறைகளிலோ, 'விலங்கு' எனப் பொருள்படும் எழுத்துகளைச் சேர்த்தே பெயர் பொறித்தனர், சோட்டோ உள்ளிட்ட பல பிரிவுகளின் துறவிகள். எல்லா உயிர்க்கும் புத்தத்தன்மை உண்டு என நாள்தோறும் ஓதிய வாய். செத்தவனையும் இழிவுபடுத்திய கை! 1979-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் கூடிய உலகச் சமய அமைதி மாநாட்டில், ஜப்பானில் அத்தகைய ஒதுக்கலே கிடையாதென்று சாதித்தார் சோட்டோ பிரிவின் நிர்வாகத் தலைவர். புராக்கு மக்கள் கொதித்தெழுந்தனர். 1984-இல் அவர் அப்பேச்சைத் திரும்பப் பெற்றார். 1992-இல் அப்பிரிவு, ஆதிக்கப் போருக்குத் துணைநின்ற குற்றத்திற்கு மன்னிப்புக் கேட்டது. 1993-இல் குடோவின் பெயரைத் துறவியர் பட்டியலில் மீண்டும் சேர்த்தது. தவறை ஒப்புவது பெருமைதான். ஆனால் எண்பத்திரண்டு ஆண்டுகட்குப் பிறகு வந்த மதிப்பால் இறுகிய கயிறு தளர்ந்துவிடுமா?

இதிலிருந்து நாம் பெறும் திறனாய்வு முடிவு என்ன? கவனம் நல்ல பண்பு. ஆனால் அது எதைக் கவனிக்க மறுக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். செய்யும் தொழிலில் மனத்தை வை என்பது சரி. தொழிலின் பயன் யார் கைக்குப் போகிறதென்று மட்டும் பாராதே என்றால், அந்த அறிவுரை ஆண்டைக்கு இனிக்கும், உழைப்பவனுக்கு விலங்காகும். ஜென் தியானத்தை இன்று பணிமனைகளிலும் கற்றுத்தருகிறார்கள். அமைதியாக வேலை செய் என்ற பாடத்தோடு, ஊதியம் ஏன் குறைவு எனக் கேட்கும் உரிமையும் அங்கே உண்டா என்று பார்த்தே வரவேற்க வேண்டும்.

டோகனின் ஏட்டில் உள்ள நேர்மை பெரிது. அதைத் தூக்கி எறிவது அறிவன்று. மடத்துச் சுவரோடு நிற்கவிடுவதும் அறிவன்று. உண்பவரிடை உயர்வு தாழ்வு பாராதே என்ற அதே விதியைச் சுவருக்கு வெளியே கொண்டுசென்றவர் குடோ. நூலை ஓதியவர் ஆயிரம் ஆயிரம். அதன் பொருளை உழவனின் குடிசைவரை நடத்திச் சென்றவர், பட்டம் பறிக்கப்பட்டுத் தூக்கில் தொங்கினார். அந்த நூலின் தலைசிறந்த உரையாசிரியர் அவரே!