கழகத்தின் சொந்தக்காரர் யார்?

முதலாளி ஆலை நடத்துவது இலாபத்துக்காக. இதை நம் மாணவர் எவரும் அறிவர். ஆனால், ஆண்டுதோறும் நட்டமே தரும் ஒரு றக்பிக் கழகத்தை அவர் ஏன் சொந்தமாக்கிக்கொள்கிறார்? பொருளியல் நூல்கள் தயங்கும் இவ்வினாவுக்கு ஒரு நாவல் விடை தருகிறது. டேவிட் ஸ்ரோறி 1960இல் வெளியிட்ட ‘திஸ் ஸ்போட்டிங் லைஃப்’ என்பதே அது.

ஸ்ரோறி யோர்க்சயரின் வேக்பீல்ட் நகரிற் பிறந்தவர். சுரங்கத் தொழிலாளியின் மகன். இலண்டனில் ஓவியம் பயின்ற காலத்திலேயே லீட்ஸ் கழகத்தில் ஊதியத்துக்கு ஆடியவர். ஆகவே, தாம் எழுதிய உலகைப் பார்வையாளர் வரிசையிலிருந்து கண்டவரல்லர்.

அவ்வுலகம் தோன்றிய கதையே ஒரு வர்க்கக் கதை. ஆட்டத்துக்காக வேலையை விட்டுவரும் தொழிலாளிக்கு, இழந்த நாட்கூலியை ஈடுசெய்ய வேண்டுமென வட இங்கிலாந்துக் கழகங்கள் கேட்டன. கனவான்களின் சங்கமான றக்பி யூனியன் மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29இல் ஹடர்ஸ்பீல்ட் நகரிற் கூடிய கழகங்கள் பிரிந்துசென்றன. பின்னாளில் றக்பி லீக் எனப் பெயர்பெற்ற ஆட்டம் அவ்வாறு பிறந்தது. தொழிலாளிக்குக் கூலி கிடைத்தது. கூடவே கூலி கொடுப்பவனும் மைதானத்துள் நுழைந்தான்.

நாவலின் நாயகன் ஆதர் மேச்சின் கடைசல் இயந்திரத் தொழிலாளி. அவன் வேலைசெய்யும் ஆலையின் முதலாளி வீவர். கழகத்துக்குப் பணம் கொடுப்பவரும் அவரே. அவருக்கும் ஸ்லோமர் என்ற மற்றொரு செல்வருக்கும் இடையே நிகழும் அதிகாரப் போட்டியில் ஆட்டக்காரர் வெறும் காய்கள். ஆதர் குடியிருக்கும் வீட்டின் விதவை திருமதி ஹமண்ட். அவளுடைய கணவன் உயிரிழந்ததும் வீவரின் ஆலையிலேதான். வாரநாளில் உழைப்பை வாங்கும் அதே கை, சனிக்கிழமை பிற்பகலில் உடலையும் வாங்குகிறது. ஆதரின் முன்பற்கள் உடைபடும் ஆட்டத்தோடு நாவல் தொடங்குவது தற்செயலன்று. வீவர் கழகத்தில் தேடுவது காசையன்று, ஊரின் கைதட்டலை. ஆலையில் அவரை அஞ்சுவோர் மைதானத்தில் அவரை வாழ்த்த வேண்டும். அந்த வாழ்த்துக்கே அவர் விலை கொடுக்கிறார். இதனை இவ்வளவு கூர்மையாகக் காட்டிய நாவல்கள் மிகச் சில.

எனினும் ஒரு குறையைச் சொல்லாதிருக்க முடியாது. கதை ஆதரின் வாயிலாகவே செல்வதால், அவனுடைய தனிமையே முழு உலகமாகிவிடுகிறது. மைதானத்தை நிறைக்கும் தொழிலாளர் வெறும் இரைச்சலாக நின்றுவிடுகின்றனர். வீவர் கைவிட்டால் கழகம் யாருடையது? ஸ்ரோறி இதைக் கேட்கவில்லை. 1963இல் நாவலைத் திரைப்படமாக்கிய லின்சே அண்டர்சனும் தனிமனிதனின் வேதனையிலேயே நின்றார்.

அவர்கள் கேட்காததை வரலாறு கேட்டது. கனவான்களின் றக்பி யூனியனும் 1995இல் ஊதியத்துக்கு வழிவிட்டது. ஆட்டக்காரரின் சம்பளம் நுழைவுச்சீட்டு வருமானத்தை விஞ்சியது. குறையை நிரப்பச் செல்வர்கள் வந்தனர். கொடையென ஊர் எண்ணும் அப்பணம் பெரும்பாலும் கழகத்தின் கடனாகவே கணக்கில் ஏறுகிறது. கொடையாளியே கடன்காரரும் ஆகிறார். 1867இல் இலண்டனிற் பிறந்த வாஸ்ப்ஸ் கழகம், 2014இல் தன் ஆதரவாளரைப் பிரிந்து கவென்றி நகருக்கு இடம்மாறியது. மறுஆண்டு மூன்றரைக் கோடிப் பவுண் கடன்பத்திரம் வெளியிட்டது. 2022 அக்டோபரில் நொடித்தது. ஒரே நாளில் 167 பேர் வேலையிழந்தனர். அதற்கு முந்திய மாதம் வூஸ்ரர் கழகமும், 2023இல் லண்டன் ஐரிஷ் கழகமும் வீழ்ந்தன. வீவர்கள் மாறினர், ஆதர்களின் நிலை மாறவில்லை.

ஆனால், மற்றொரு கதையும் உண்டு. 1861இல் தோன்றிய றிச்மண்ட் கழகம், 1996இல் ஒரு செல்வர் கைக்குப் போயிற்று. அவர் விலக, 1999இல் நொடித்தது. உறுப்பினர்கள் அதைக் கைவிடவில்லை. தாமே பொறுப்பேற்று, மிகத் தாழ்ந்த பிரிவிலிருந்து ஆடத் தொடங்கிப் படிப்படியாக மேலேற்றினர். ஸ்ரோறியின் நாவலில் வெறும் இரைச்சலாக ஒலித்த கூட்டம் இங்கே பெயரும் முகமும் பெறுகிறது.

முதலாளியின் பணப்பையையும் ஆட்டக்காரனின் உடைந்த பல்லையும் ஸ்ரோறி நமக்குக் காட்டினார். அந்தக் கூட்டத்தின் கதையை எழுதுவது அவருக்குப் பின்வருவோரின் கடமை.