வாயை மூடச் சொன்ன மஞ்சள் ஜெர்சி

2004 ஜூலை 23. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் 18-வது கட்டம். ஆறு வீரர்கள் பெருங்கூட்டத்தை விட்டுப் பிரிந்து முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். ஒட்டுமொத்தப் பட்டியலில் முதலிடத்தில் இருந்த லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு அவர்களால் எந்த ஆபத்தும் இல்லை. அப்படிப்பட்ட நாளில் முதலிடத்துக்கான மஞ்சள் ஜெர்சியை அணிந்தவர் சக வீரர்களின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு, எதிர்காற்று படாமல் கால்களுக்கு ஓய்வு கொடுப்பார். இந்த ஆட்டத்தின் அரிச்சுவடியே அதுதான்.

அன்று நடந்தது வேறு. இத்தாலியின் பிலிப்போ சிமியோனி அந்த ஆறு பேரோடு சேர்ந்துகொள்ளக் கிளம்பினார். பட்டியலில் எங்கோ பின்னால் கிடந்தவர். அவரைத் துரத்திக்கொண்டு ஆம்ஸ்ட்ராங்கே பாய்ந்தார். இருவரும் முன்கூட்டத்தை எட்டிவிட்டார்கள். மஞ்சள் ஜெர்சி கூட இருந்தால் பின்னால் வரும் அணிகள் சும்மா விடாது. அந்த ஆறு பேரின் வாய்ப்பும் போய்விடும். சிமியோனி விலகினால்தான் நானும் விலகுவேன் என்றார் ஆம்ஸ்ட்ராங். சிமியோனி விலகினார். கூட்டத்துக்குத் திரும்பிய ஆம்ஸ்ட்ராங், கேமராவைப் பார்த்து உதடுகளை ஜிப் போட்டு மூடுவதுபோல் விரலை இழுத்துக் காட்டினார்.

பந்தயக் கணக்கில் அர்த்தமே இல்லாத இந்தத் துரத்தலுக்கு வேறொரு கணக்கு இருந்தது. மிக்கேலே ஃபெராரி என்ற மருத்துவர் தனக்கு ஊக்கமருந்து எடுக்கச் சொல்லிக்கொடுத்தார் என்று இத்தாலிய நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர் சிமியோனி. அதே ஃபெராரிதான் ஆம்ஸ்ட்ராங்குக்கும் ஆலோசகர்.

ஊக்கமருந்து விவகாரம் வெடிக்கும்போதெல்லாம் மருந்தின் பெயர், ஆய்வக அறிக்கை, தடைக்காலம் என்று பேசி முடித்துவிடுகிறோம். ஆனால், கடந்த முப்பது ஆண்டுகளில் அம்பலமான பெரிய மோசடிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். அவற்றை உடைத்ததில் சிறுநீர்க் குப்பிக்குப் பங்கு குறைவு. சுங்கச் சோதனையும் போலீசும், எல்லாவற்றுக்கும் மேலாக வாய் திறந்த மனிதர்களும்தான் உடைத்தார்கள். ஆம்ஸ்ட்ராங் அன்று எதற்குப் பயந்தாரோ, அதுதான் பின்னாளில் அவரை வீழ்த்தியது.

சோதனையின் எல்லை

ஈபிஓ என்பது நம் சிறுநீரகமே சுரக்கும் ஹார்மோன். ரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்கும். சிவப்பணு கூடினால் தசைக்குப் போகும் ஆக்சிஜன் கூடும். மலையேற்றத்தில் அதன் பலன் மிகப் பெரியது. இதை மருந்தாக ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் 1990-களில் சைக்கிள் உலகம் முழுக்கப் பரவியது. உடலில் இயல்பாகவே இருக்கும் பொருள் என்பதால் கண்டுபிடிக்கச் சோதனை இல்லை. 1997-ல் சர்வதேச சைக்கிள் சங்கம் ஒரு வரம்பு வைத்தது: ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் இரண்டு வாரம் பந்தயம் கிடையாது. விளைவு? 50-க்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம் என்றாகிவிட்டது.

அடுத்த ஆண்டே ஃபெஸ்டினா அணியின் உதவியாளர் வில்லி வூட், பெல்ஜிய எல்லையில் பிரெஞ்சு சுங்கத்தாரிடம் மாட்டினார். கார் நிறைய ஈபிஓ, வளர்ச்சி ஹார்மோன், டெஸ்டோஸ்டிரோன்.  அந்த அதிர்ச்சியில்தான் 1999-ல் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான 'வாடா' பிறந்தது.

2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஈபிஓவுக்குச் சோதனை வந்தது. ஏமாற்றுபவர்கள் அதற்கேற்ப மாறிக்கொண்டார்கள். தோலுக்கடியில் போட்டதை நரம்பில் போட்டார்கள். அளவைக் குறைத்து இரவில் போட்டால் விடிவதற்குள் தடயம் மங்கிவிடும். முன்பே எடுத்துப் பதப்படுத்திய தங்கள் ரத்தத்தையே பந்தயத்தின் நடுவே திரும்ப ஏற்றிக்கொண்டார்கள். அதிகாரி வாசலில் நின்றால் உப்புக் கரைசலை ஏற்றி ரத்தத்தை நீர்க்கச் செய்தார்கள். எத்தனையோ நூறு சோதனைகளில் தேறிவிட்டேன் என்று ஆம்ஸ்ட்ராங் மார்தட்டியது இந்தப் பின்னணியில்தான். 1999-ல் அவருடைய மாதிரியில் கார்டிகோஸ்டீராய்டு தென்பட்டபோதுகூட, முன்தேதியிட்ட மருத்துவச் சீட்டு ஒன்று கைகொடுத்தது.

ஓட்டப்பந்தயத்திலும் கதை இதேதான். சிட்னியில் ஐந்து பதக்கங்கள் வாங்கிய மரியன் ஜோன்ஸ், சோதனைகளைத் தாண்டி வந்தவர். அவர் பயன்படுத்திய டிஹெச்ஜி என்ற ஸ்டீராய்டு இருப்பதே ஆய்வகங்களுக்குத் தெரியாது. 2003-ல் டிரெவர் கிரஹாம் என்ற பயிற்சியாளர், தன் பெயரைச் சொல்லாமல், அந்த மருந்து ஒட்டியிருந்த சிரிஞ்சு ஒன்றை அமெரிக்கத் தடுப்பு முகமைக்குச் சேர்ப்பித்தார். அதை வைத்துத்தான் லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வகத்தில் டான் கேட்லின் சோதனையையே உருவாக்கினார். அந்த மருந்தை வீரர்களுக்கு விநியோகித்த பால்கோ நிறுவனத்தின் குட்டு உடைந்தது.

சொன்னவர்களின் கைகள்

கிரஹாம் உத்தமர் அல்ல. பிறகு அவரே வாழ்நாள் தடைக்கு ஆளானார். 2010-ல் ஆம்ஸ்ட்ராங் அணியின் ரகசியங்களை மின்னஞ்சலில் கொட்டிய ஃபிளாய்டு லாண்டிஸ், 2006 டூர் பட்டத்தை டெஸ்டோஸ்டிரோனால் இழந்தவர். அதுவரை குற்றத்தை மறுத்தும் வந்தவர். 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் ஆய்வகச் சுவரின் துளை வழியாக ரஷ்ய வீரர்களின் சிறுநீர்க் குப்பிகள் மாற்றப்பட்டதை வெளியே சொன்ன கிரிகோரி ரொட்சென்கோவ், அந்த ஆய்வகத்தையே நடத்தியவர்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மருந்து எங்கிருந்து வந்தது, யார் பணம் கொடுத்தது, எந்த அறையில் எந்த நேரத்தில் ஊசி போட்டார்கள் என்பதெல்லாம் உள்ளே இருந்தவருக்கு மட்டுமே தெரியும். உள்ளே இருந்தவர் கை பெரும்பாலும் கறைபட்ட கையாகத்தான் இருக்கும். விளையாட்டு நிர்வாகங்கள் அந்தக் கறையைக் காட்டியே சாட்சியைத் தள்ளிவிடுகின்றன. 800 மீட்டர் ஓட்டக்காரர் யூலியா ஸ்டெபனோவாவுக்கு நேர்ந்தது அதுதான். அவரும் கணவர் விட்டாலியும் ரஷ்யாவின் அரசு ஆதரவு மோசடியை 2014-ல் ஜெர்மன் தொலைக்காட்சியில் போட்டு உடைத்தார்கள். ரஷ்ய ஊக்கமருந்து தடுப்பு முகமையில் வேலை பார்த்த விட்டாலி, 2010 முதலே 'வாடா'வுக்குத் தகவல் கொடுத்துவந்தார். நேரடியாகப் புலனாய்வு செய்யும் அதிகாரம் அப்போது 'வாடா'வுக்கு இல்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ரஷ்ய வீரர்கள் இருநூறு பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். ஸ்டெபனோவாவுக்கு அனுமதி இல்லை. முன்பு ஊக்கமருந்துக்காகத் தண்டிக்கப்பட்டவர் என்பது சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி சொன்ன காரணங்களில் ஒன்று.

மற்றச் சாட்சிகளுக்கும் இதே கதிதான். ஆம்ஸ்ட்ராங் அணியில் மசாஜ் உதவியாளராக இருந்த எம்மா ஓ'ரெய்லி, மருத்துவச் சீட்டு மோசடியைப் பத்திரிகையாளரிடம் சொன்னதற்காக வழக்கையும் அவதூறையும் வருடக்கணக்கில் சுமந்தார். சிமியோனி 2008-ல் இத்தாலியின் தேசியச் சாம்பியன் ஆனார். அடுத்த ஆண்டு ஜிரோ டி இத்தாலியா பந்தயத்துக்கு அவர் அணிக்கு அழைப்பு வரவில்லை. ஓய்விலிருந்து திரும்பிய ஆம்ஸ்ட்ராங் அந்தப் பந்தயத்தில் ஓட்டினார்.

2012 அக்டோபரில் அமெரிக்க முகமை ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட ஆதாரங்களை வெளியிட்டது. 26 பேரின் சாட்சியம்; அவர்களில் 11 பேர் ஆம்ஸ்ட்ராங்கின் முன்னாள் அணித் தோழர்கள். ஏழு டூர் பட்டங்களும் பறிபோயின. உண்மையைச் சொன்ன தோழர்களில் சிலருக்கு ஆறே மாதத் தடை என்பதைக் கண்டு பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது மலிவான பேரமாகத் தெரியவில்லை. அந்தச் சலுகை இல்லையென்றால் இன்றும் அந்த ஏழு பட்டங்களுக்குப் பக்கத்தில் அதே பெயர்தான் இருக்கும்.

டெல்லியில் ஒற்றை ஓட்டம்

நம் நாட்டு நிலவரத்துக்கு வருவோம். 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டியின் கடைசி நாளில் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான 'நாடா'வின் அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்ற செய்தி பரவியதும் வீரர்கள் மாயமானார்கள். ஆண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் ஒரே ஒருவர்தான் ஓடினார். மைதானத்தின் கழிவறையில் சிரிஞ்சுகள் கிடந்தன.

அதிகாரி வந்தாலே இவ்வளவு பயம் என்றால் சோதனை வேலை செய்கிறது என்று சொல்லலாம். யாரை நோக்கி என்பதுதான் கேள்வி. நரம்பில் எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று கணக்குப் பார்த்துக் கொடுக்க மருத்துவர் வைத்திருந்தவர் ஆம்ஸ்ட்ராங். மாநிலப் போட்டியில் ஜெயித்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயிலோ போலீசிலோ வேலை கிடைக்கும் என்று ஓடுகிற பையனுக்கு அந்த வசதி இல்லை. அவன்தான் சுலபமாக மாட்டுவான். அவனுக்குத் தடை விழும். ஊசியை விற்றவர் அடுத்த மைதானத்துக்குப் போய்விடுவார். மாட்டியவர் எண்ணிக்கையை மட்டும் சாதனையாக அறிவிப்பது, கடத்தல்காரரை விட்டுவிட்டு மூட்டை தூக்கியவரைக் கணக்குக் காட்டுவது போன்றது.

அமெரிக்கா 2020-ல் ரொட்சென்கோவ் பெயரிலேயே ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் குறி வீரர் அல்ல. மருந்து கொடுப்பவரும் சதியில் பங்குள்ளவரும்தான். தகவல் சொல்பவருக்குப் பாதுகாப்பும் உண்டு. நைஜீரிய ஓட்டக்காரர் பிளெஸ்சிங் ஒகாக்பாரேக்கு மருந்து கொடுத்த டெக்சாஸ்காரர் 2023-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டது இந்தச் சட்டத்தின் கீழ்தான்.

சோதனைகள் வேண்டும்; பெருகவும் வேண்டும். ஆனால், மாட்டிய வீரரிடம் "எடுத்தாயா?" என்ற கேள்வியோடு விசாரணை நின்றால் அது பாதி வேலை. "யார் கொடுத்தார்கள்?" என்று கேட்க வேண்டும். பதில் சொன்னால் தண்டனை குறையும், பயிற்சி முகாமில் இடம் போகாது என்ற உறுதியையும் எழுத்தில் தர வேண்டும். ஒரு விளையாட்டுச் சங்கம் எவ்வளவு சுத்தமானது என்று அறிய, அது எத்தனை மாதிரி எடுத்தது என்று பார்ப்பதைவிட, உண்மையைச் சொன்னவர் அடுத்த ஆண்டும் அங்கே ஓட முடிகிறதா என்று பார்ப்பது நல்லது.