வெடிக்காத குண்டும் வெடித்தே தீரும் இசையும்

சொல்லே இல்லாத இசைக்குள் அரசியல் எங்கிருந்து வருகிறது? மாண்ட்ரியல் நகரத்துக் குழுவான ‘காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர்’, கான்ஸ்டலேஷன் என்ற சுயாதீன நிறுவனத்தின் வழியாக 2002இல் வெளியிட்ட ‘யாங்கி யு.எக்ஸ்.ஓ.’ தொகுப்பைக் கேட்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொள்கிறேன். 2000இல் வந்த முந்தைய தொகுப்பில் பெட்ரோல் பங்க் அறிவிப்பு, கோனி ஐலண்டின் பழைய நாட்களுக்காக ஏங்கும் முதியவர் என்று மனிதக் குரல்கள் ஊடாடும். இதில் ஒரு குரல்கூட இல்லை. கிதார்கள், வயலின், செல்லோ, டிரம்ஸ். எழுபத்தைந்து நிமிடம்.

ஆக, அரசியல் முழுவதும் அட்டைக்குக் குடிபோய்விட்டது. முன்னட்டையில் விழும் குண்டுகள். பின்னட்டையில் பெரிய இசைத்தட்டு நிறுவனங்களையும் ஆயுத உற்பத்தியாளர்களையும் கோடு போட்டு இணைக்கும் வரைபடம்: நாம் காசு கொடுத்து வாங்கும் பாட்டும் ஏவுகணையும் பங்காளிகள். முதல் இசைக்கோவையின் பெயர் ‘09-15-00’. ஏரியல் ஷரோன் படை சூழ அல்-அக்ஸா வளாகத்துக்குள் நுழைந்ததை அது குறிக்கிறது என்கிறது அட்டைக் குறிப்பு. ஷரோன் போனதோ 2000 செப்டம்பர் 28. சின்னப் பிழைதானே, விட்டுத்தள்ளு என்கிறார்கள் நண்பர்கள். என்னால் முடியவில்லை. பிரதியில் சொல்லே இல்லாதபோது தேதிதான் சாட்சி. சாட்சியே தடுமாறினால்?

ஆனால் என் சண்டை அதோடு முடியவில்லை. யு.எக்ஸ்.ஓ. என்றால் வெடிக்காமல் மண்ணுக்குள் கிடக்கும் குண்டு. போர் ஓய்ந்து பல வருஷம் கழித்து, உழுகிறவர் காலையோ ஆடு மேய்க்கும் பிள்ளையின் கையையோ பறிக்கக் காத்திருப்பது. இந்த இசையின் வடிவம் என்ன? மெல்லத் தொடங்கி, ஒரே சுரக்கோவையை அடுக்கியடுக்கி, சைகடெலிக் மயக்கத்தில் நம்மை ஆழ்த்தி, கடைசியில் வெடிப்பது. போஸ்ட்-ராக் என்ற பெயரில் வரும் பெரும்பாலான இசைக்கு இதுதான் இலக்கணம். கேட்பவருக்குக் கண்ணீர் வருகிறது, நெஞ்சு லேசாகிறது, தூக்கம்கூட வருகிறது. வெடிக்காத குண்டின் பெயரில் வெடிப்பின் சுகத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதை எதிர்ப்பு என்று எப்படிச் சொல்ல?

ஒரே விலக்கு, ‘09-15-00’இன் தொடர்ச்சியாக வரும் அந்த ஆறு நிமிடம். முதல்முறை, “என்னய்யா இது, ஒண்ணுமே நடக்கலையே” என்று தாண்டிப் போனேன். இப்போது அதற்காகத்தான் தட்டைத் திரும்பப் போடுகிறேன். தந்திகள் தாழ்ந்தே நகர்கின்றன; எங்கும் ஏறுவதில்லை. ஏதோ வரப்போகிறது என்று உடம்பு இறுகுகிறது. வருவதில்லை. இறுக்கமும் தளர்வதில்லை. அடுத்து ‘ராக்கெட்ஸ் ஃபால் ஆன் ராக்கெட் ஃபால்ஸ்’ தொடங்குகிறது. இருபது நிமிடம். அது வெடிக்கும், எனக்குத் தெரியும்.