காரீயக் கணக்கில் கணிப்பொறி சொல்வதும் சொல்லாததும்

ஒரு குழந்தையின் இரத்தத்தில் எவ்வளவு காரீயம் கலந்துள்ளது என்று அறிய வேண்டுமானால், இரத்தம் எடுத்துச் சோதிக்கலாம். ஆனால் ஓர் ஊரின் மண்ணைத் துப்புரவு செய்வதா வேண்டாமா என்று முடிவு செய்பவர், நாளை அங்கே பிறக்கப்போகும் குழந்தையின் இரத்தத்தை எப்படிச் சோதிப்பார்? இங்கேதான் கணிப்பொறியின் உதவி தேவைப்படுகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஐ.இ.யு.பி.கே.' என்னும் கணக்கு மாதிரி இத்துறையில் பெயர் பெற்றது. ஏழு வயது வரையுள்ள குழந்தைகளுக்காக அமைந்த இந்த மாதிரியின் நிறைகுறைகளை ஆராய்வோம்.

மாதிரி வேலை செய்யும் விதம்

காற்று, நீர், உணவு, மண், வீட்டுத் தூசி ஆகியவற்றிலுள்ள காரீயத்தின் அளவை முதலில் கொடுக்க வேண்டும். குழந்தையின் உடலுக்குள் நாள்தோறும் போவது எவ்வளவு, அதில் குடல் உறிஞ்சுவது எவ்வளவு, அது இரத்தத்திலும் எலும்பிலும் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று கணிப்பொறி படிப்படியாகக் கணக்கிடும். ஒரே தெருவில் வாழும் குழந்தைகளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆகவே, குறிப்பிட்ட அளவை இரத்தக் காரீயம் தாண்டுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு எத்தனை என்பதையும் இறுதியில் சொல்லும்.

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிராம் மண்ணில் 400 மைக்ரோகிராம் காரீயம் உள்ளது. விளையாடும் குழந்தை கைவிரல் வழியாக நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் மண்ணை விழுங்குகிறது. அப்படியானால் உள்ளே போவது 40 மைக்ரோகிராம். குடல் உறிஞ்சுவது 30 சதவீதம் என்றால், உடலில் சேர்வது 12 மைக்ரோகிராம்.

இந்த 100 மில்லிகிராம், 30 சதவீதம் போன்ற எண்களைக் கணிப்பொறி தானே கண்டுபிடிப்பதில்லை. மனிதர்கள்தாம் தருகிறார்கள். எந்தெந்த எண்களைக் கொண்டு கணக்கிட்டோம் என்பதை இந்த மாதிரி மறைப்பதில்லை. அவற்றை மாற்றிப் பார்க்கவும் இடம் தருகிறது. இது பாராட்டத்தக்க பண்பு. ஆனால் இந்த வசதியிலேயே ஓர் அபாயமும் ஒளிந்திருக்கிறது.

கெல்லாக் நகரம் கற்பித்த பாடம்

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் கெல்லாக் என்ற சுரங்க நகரம் உள்ளது. அங்கிருந்த பங்கர் ஹில் காரீய உருக்காலையின் புகை வடிகட்டும் கூடம் 1973ஆம் ஆண்டு தீப்பற்றி எரிந்தது. அதன் பிறகும் ஆலை நிற்கவில்லை. மறு ஆண்டு சோதித்தபோது, ஆலைக்கு ஒரு மைல் சுற்றளவில் வாழ்ந்த குழந்தைகளில் 99 சதவீதத்தினருக்கு இரத்தக் காரீயம் டெசிலிட்டருக்கு 40 மைக்ரோகிராம் அல்லது அதற்கும் மேல் இருந்தது. ஆலை 1981இல் மூடப்பட்டது. நஞ்சு மட்டும் மண்ணிலேயே தங்கிவிட்டது.

பின்னாளில் துப்புரவுப் பணிக்காக இந்த மாதிரியைப் பயன்படுத்தியபோது ஒரு சிக்கல் எழுந்தது. வழக்கமான எண்களைக் கொடுத்தால், மாதிரி சொன்ன அளவு உண்மையான இரத்தச் சோதனை அளவைவிட அதிகமாக வந்தது. உறிஞ்சும் வீதத்தை 18 சதவீதமாகக் குறைத்தார்கள், கணக்குப் பொருந்திவிட்டது.

பொருந்திவிட்டால் சரியாகிவிடுமா? நம் எளிய கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 100 மில்லிகிராம் மண், 18 சதவீத உறிஞ்சல் என்றால் விடை 7.2 மைக்ரோகிராம். 60 மில்லிகிராம் மண், 30 சதவீத உறிஞ்சல் என்றாலும் விடை அதே 7.2 தான்! இரண்டில் எது உண்மை என்று விடையை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது.

உண்மை ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. அவ்வூர் மண்ணையும் தூசியையும் சோதித்து 2016இல் வெளியான ஆய்வு, உறிஞ்சும் வீதம் ஏறத்தாழ 30 சதவீதமே என்று காட்டியது. குழந்தைகள் விழுங்கிய மண்தான் எண்ணியதைவிடக் குறைவு. பல ஆண்டுகள் எடுத்த இரத்தச் சோதனைகளே இதைக் கணக்கிட உதவின. 1994ஆம் ஆண்டு மாதிரியில், ஒரு குழந்தை விழுங்கும் மண், தூசியின் உச்ச அளவு நாளுக்கு 135 மில்லிகிராம். 2021ஆம் ஆண்டுப் பதிப்பில் அது 94 மில்லிகிராம்.

'எங்கள் ஊர் மண்ணிலுள்ள காரீயம் உடலில் அதிகம் சேராது' என்ற தவறான ஆறுதலை அந்த 18 சதவீதம் தந்திருக்கும் அல்லவா? அதே எண்ணை வேறோர் ஊருக்கு எடுத்துச் சென்றால் கேடு இன்னும் பெரிது.

எல்லையை வகுப்பவர் யார்?

இம்மாதிரியைக் கொண்டே, குடியிருப்பு மண்ணில் கிராமுக்கு 400 மைக்ரோகிராம் என்ற அளவு 1994இல் வகுக்கப்பட்டது. இரத்தக் காரீயம் 10 மைக்ரோகிராமைத் தாண்டும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகக்கூடாது என்பதே அடிப்படை. அந்தப் பத்தும் ஐந்தும் கணிப்பொறி சொன்னவை அல்ல. மனிதர் எடுத்த முடிவுகள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012இல் பத்தை ஐந்தாகவும், 2021இல் 3.5 ஆகவும் குறைத்தது. மண்ணுக்குரிய 400 என்ற அளவோ 2024 ஜனவரியில்தான் 200 ஆகக் குறைந்தது. தாமதித்தது கணிப்பொறி அன்று.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். கேட்ட வழிகளுக்கு மட்டுமே மாதிரி பதில் சொல்லும். வங்காளதேசத்தில், மஞ்சளுக்கு நிறமேற்றக் கலந்த காரீயக் குரோமேட் கிராமத்துப் பெண்களின் இரத்தத்தில் சேர்ந்ததை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. 'பிற வழிகள்' என்று மாதிரியில் இடம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மஞ்சளை ஐயுறாதவர் அந்த இடத்தில் சுழியத்தைத்தானே இடுவார்?

அதற்காக இக்கணக்கை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. எங்கே மண்ணை அகற்றுவது, எவ்வளவு அகற்றுவது என்று முன்கூட்டித் திட்டமிட இதைவிட நல்ல கருவி அரிது. ஆனால் கணிப்பொறியின் விடை தீர்ப்பு அன்று. சோதித்துப் பார்க்க வேண்டிய கருத்தே ஆகும். விடையைக் கேட்கும் முன், எந்த எண்களைக் கொடுத்தீர்கள் என்று கேட்போம். கணக்கும் இரத்தமும் மாறுபட்டால், இரத்தத்தையே நம்புவோம். எந்த எண் தவறு என்பதை மண்ணிலும் தூசியிலும் தேடுவோம்.