உட்கார்ந்த வீடு, நடந்த பாட்டு

சங்கரன்கோவில்காரர்களுக்கு ஜமீன் அரண்மனைகள் ஒன்றும் புதுசு இல்லை. வடக்கே சிவகிரி, சேத்தூர். மேற்கே தலைவன்கோட்டை, சொக்கம்பட்டி. கிழக்கே எட்டயபுரம். தெற்கே ஊற்றுமலை. எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் "அந்தா தெரியுதுல்லா, அதான் அரமனை" என்று யாராவது கை நீட்டுவார்கள். எங்க ஊர்ப் பேச்சில் அது அரண்மனை இல்லை, அரமனைதான்.

இந்த வீடுகளைப் பற்றி இப்போது நிறைய எழுதுகிறார்கள், நிறைய வீடியோ எடுக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று, "எங்க ராஜா" வகை. வாள், யானை, பட்டாபிஷேகப் படம், பின்னணியில் உறுமி. இன்னொன்று திகில் வகை. வௌவால், இடிந்த அந்தப்புரம், யாரோ ஒரு ராணியின் கண்ணீர். இரண்டு வகையிலும் வீட்டை யாரும் வாசிப்பதில்லை. அதன் முன்னால் நின்று பெருமூச்சு விடுகிறார்கள், அவ்வளவுதான். ஒரு நாவலை அட்டைப்படத்தை வைத்து விமர்சித்தால் சிரிப்போம். கட்டடத்துக்கு மட்டும் அந்தச் சலுகை எதற்கு என்பது எனக்குப் புரியவில்லை.

ஊற்றுமலை ஜமீனை எடுத்துக்கொள்கிறேன். காரணம், தமிழ் வாசகனுக்கு அந்த வீட்டுக்குள் போக ஏற்கெனவே ஒரு வாசல் இருக்கிறது. பெயர்தான் ஊற்றுமலை. ஜமீன்தார்கள் இருந்த ஊர் வீரகேரளம்புதூர். புலவர்கள் அதைச் சுருக்கி வீரை என்றார்கள், பஸ் போர்டில் வீ.கே.புதூர். சங்கரன்கோவிலிலிருந்து தெற்கே சுரண்டை வழியாகப் போனால் சுமார் முப்பது கிலோமீட்டர். சிற்றாற்றங்கரை ஊர். குற்றாலத்தில் விழும் தண்ணீர்தான் இந்த ஆறாக வருகிறது. அனுமன் நதி அதில் வந்து சேர்வதும் இந்தப் பக்கம்தான். கரிசலில் வளர்ந்த எனக்கு, ஆடி மாதத்தில் ஓடுகிற ஒரு ஆற்றைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே ஜமீன்தாராக இருந்தவர் இருதயாலய மருதப்பத் தேவர். தமிழ் மேல் உண்மையான பிரியம் உள்ளவர். ஏட்டுச்சுவடி தேடி அலைந்த உ.வே.சாமிநாதையர் இவரைத் தேடி வந்திருக்கிறார், 'என் சரித்திர'த்தில் அன்போடு நினைவுகூர்கிறார். இவரது ஆதரவில் இருந்த கவிஞர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். சென்னிகுளம் எங்க ஊருக்குப் பக்கத்துக் கிராமம். திருவாவடுதுறைக்குப் போய் உ.வே.சா.விடமும் சில காலம் பாடம் கேட்ட பையன் அவர். 1865இல் பிறந்து 1891இல் இறந்தார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. முப்பதைக்கூடத் தொடவில்லை.

அரண்மனையும் கவிஞரும் என்று வந்துவிட்டால் புரவலர் பெருமை பேசிவிட்டு அடுத்த பத்திக்குப் போவது நம் வழக்கம். நான் கொஞ்சம் வீட்டிடமே நிற்க விரும்புகிறேன்.

இந்தப் பகுதியின் பாளையக்காரர்கள் முதலில் கட்டியது மாளிகை அல்ல, மண்கோட்டை. நெற்கட்டும்செவலிலும் வாசுதேவநல்லூரிலும் இருந்தவை அப்படிப்பட்டவைதான். மண்சுவர், கொத்தளம், சுற்றிலும் முள்வேலி. கல் சுவரில் பீரங்கிக் குண்டு பட்டால் சுவர் பிளக்கும். நன்றாகக் குழைத்து அடித்த மண்ணில் பட்டால் குண்டு உள்ளே புதைந்துபோகும். கம்பெனிப் படை இதைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டது. 1801இல் பாளையக்காரர் போர் முடிந்ததும் கோட்டைகளை இடிக்கச் சொன்னார்கள், ஆயுதங்களைப் பறித்தார்கள். பாஞ்சாலங்குறிச்சியைத் தரைமட்டமாக்கினார்கள். அடுத்த ஓரிரு வருடங்களிலேயே நிரந்தரத் தீர்வை வந்தது. பாளையக்காரர் ஜமீன்தார் ஆனார். அவர் இனி படை வைத்துக்கொள்ள வேண்டாம், காவல் பார்க்க வேண்டாம். குடிகளிடம் வசூலித்து பேஷ்குஷ் பணத்தைத் தவணை தவறாமல் கட்டினால் போதும்.

நாம் இன்று அண்ணாந்து பார்க்கிற ஜமீன் மாளிகைகளில் பெரும்பாலானவை இந்தத் தோல்விக்குப் பிறகு வந்தவை. உயரமான வாசல், வளைவுகள், சுதை வேலை, தர்பார் கூடம் எல்லாம் கொத்தளம் போன இடத்தில் வந்து உட்கார்ந்தவை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஆனால் கட்டடம் சொல்வது அதைத்தான். எதிரி வருவான் என்று எதிர்பார்க்கிற வீடு தன்னை மண்ணுக்குள் பதுக்கிக்கொள்ளும். கலெக்டர் வருவார் என்று எதிர்பார்க்கிற வீடு முகப்பை அலங்கரித்துக்கொள்ளும்.

உள்ளே போனால் இன்னும் வெளிப்படையாக இருக்கும். தென்மாவட்ட ஜமீன் வீடுகளின் அமைப்பில் ஒரு பொதுத்தன்மை உண்டு. முன்பக்கம் கச்சேரி. இது பாட்டுக்கச்சேரி இல்லை; கணக்குப்பிள்ளைகள் உட்கார்ந்து வரி வாங்குகிற அலுவலகம். அப்புறம் ஜமீன்தார் கொலுவிருக்கும் மண்டபம். பூஜை அறை, அதற்கும் உள்ளே முற்றம் சுற்றிய அந்தப்புரம், பின்னால் உக்கிராணம், நெற்களஞ்சியம், லாயம். யார் எந்த இடம் வரைக்கும் வரலாம் என்ற பட்டியலைத்தான் சுவராக எழுப்பியிருக்கிறார்கள். குடியானவன் கச்சேரித் திண்ணையோடு சரி. புலவர் கொலு மண்டபம் வரை போகலாம். நெல் அடித்தவன் களத்தோடு நின்றுவிடுவான், அவன் அடித்த நெல் மட்டும் களஞ்சியம் வரை போகும்.

மேல்வாரம், குடிவாரம் என்ற இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வீடுகளின் தேக்குத் தூண்களைப் பற்றிப் பேசக்கூடாது என்பது என் கட்சி. விளைச்சலில் ஜமீனுக்குப் போகிற பங்கு மேல்வாரம், உழுதவனுக்கு மிஞ்சுவது குடிவாரம். தூண் முதல் பங்கிலிருந்து வந்தது.

மச்சு போட்ட விதத்தைப் பாருங்கள். அந்தக் காலத்துப் பெரிய வீடுகளில் உத்திரம் போட்டு, அதன்மேல் கட்டைகளை நெருக்கிப் பரப்பி, மெல்லிய செங்கற்களைச் சாய்வாட்டத்தில் நிற்கவைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் கோத்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டித் திமிசு போட்டு நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். அருமையான வேலை. வெயில் காலத்தில் உள்ளே நின்றால் தெரியும். ஆனால் சுண்ணாம்பு கவனிப்பு கேட்கிற பொருள். வருடா வருடம் வெள்ளையடிக்க வேண்டும், விரிசலை உடனே பூச வேண்டும், மச்சில் முளைக்கிற அரசங்கன்றைப் பிடுங்க வேண்டும். அதாவது, கூப்பிட்டால் வருகிற ஆட்கள் எப்போதும் இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்ட மச்சு அது. 1948ஆம் வருட ஜமீன் ஒழிப்புச் சட்டம் வசூல் உரிமையை எடுத்துக்கொண்டதும் மச்சு ஒழுக ஆரம்பித்தது இயல்புதான். பிறகு சிமென்ட் வைத்து ஒட்டுப்போட்டார்கள். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. சுண்ணாம்புச் சுவர் உள்ளுக்குள்ளேயே உளுத்துவிடும். பாதி அரண்மனைகளைக் கெடுத்தது இந்த அக்கறைதான்.

அதே ஜமீன் எல்லைக்குள் இன்னொரு கட்டுமானம் இன்றும் வேலை செய்கிறது. அதை யாரும் போட்டோ எடுப்பதில்லை. ஆற்றை மறித்த அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து பிரிகிற கால்கள், கால்கள் நிரப்புகிற குளங்கள், மடை, மறுகால். சிற்றாற்றுப் பாசனம் இப்படித்தான் ஓடுகிறது. ஆற்றங்கரையில் மாளிகை கட்டுவது காற்றுக்காக மட்டும் இல்லை. தண்ணீரைத் திறப்பவன் யார் என்று ஊருக்குத் தெரிய வேண்டும்.

இனி பாட்டுக்கு வருகிறேன். அண்ணாமலை ரெட்டியார் எழுதியவற்றின் பட்டியலைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். வீரைத் தலபுராணம், வீரை நவநீத கிருஷ்ணசாமி பதிகம், சங்கரன்கோவில் திரிபந்தாதி, கருவை மும்மணிக்கோவை, கோமதி அந்தாதி. எல்லாம் கொலு மண்டபத்து வடிவங்கள். உட்கார்ந்து எழுதி, உட்கார்ந்திருப்பவர்கள் முன் அரங்கேற்றி, உட்கார்ந்தபடியே தலையாட்டிக் கேட்க வேண்டியவை. திரிபந்தாதி என்பது சொல்லைப் பிரித்துப் பிரித்துப் பொருள் காட்டுகிற கழைக்கூத்து. புலவர்கள் நடுவே மதிப்பு வாங்க அது தேவைப்பட்டிருக்கும். இன்று கோமதியம்மன் சன்னிதித் தெருவில் நின்று கேட்டால் கோமதி அந்தாதியைப் படித்தவர் ஒருவர் கிடைப்பது சந்தேகம்.

காவடிச்சிந்து மட்டும் பிழைத்தது. ஜமீன்தார் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துப் போனபோது வழிநடைக்காகப் பாடியது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. வீரையிலிருந்து கழுகுமலை குறைந்தது நாற்பது கிலோமீட்டர் நடை. தோளில் காவடி. தாளம் இங்கே அலங்காரம் கிடையாது, அடுத்த எட்டு எடுத்து வைப்பதற்கான உதவி. மூன்று, நான்கு, ஐந்து, ஏழு என்று மாறுகிற நடைகள், அடிக்கு அடி வந்து விழுகிற எதுகை, மூச்சு வாங்குகிற இடத்தில் வந்து முடிகிற இயைபு. அந்தாதியில் அவர் காட்டிய அதே சொல்வித்தைதான் இங்கேயும் இருக்கிறது. ஆனால் அங்கே அது புலவனைச் சோதிக்கிறது, இங்கே நடப்பவனைத் தாங்குகிறது. பண்டிதத் தமிழும் தெருப்பேச்சும் ஒரே வரியில் உரசிக்கொண்டு வருவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். வழிநடையில் ஜமீன்தாரும் நடக்கிறார், தண்ணீர்க்குடம் சுமப்பவனும் நடக்கிறான். கொலு மண்டபத்துப் படிவரிசை ரோட்டில் அவ்வளவு இறுக்கமாக நிற்காது.

எனவே ஊற்றுமலை அரண்மனை தமிழுக்குத் தந்த சிறந்த படைப்பு அரண்மனைக்கு வெளியே நிகழ்ந்தது. புரவலர் இல்லாமல் அது வந்திருக்காது, உண்மைதான். அந்தச் சாப்பாடும் இடமும் ஓய்வும் மேல்வாரத்திலிருந்து வந்தவை. அதை மறைக்க வேண்டாம். ஆனால் புரவலர் தன் வீட்டை விட்டு இறங்கி நடந்ததால்தான் அது அப்படி வந்தது.

இந்த வாசிப்பை இங்கேயே நிறுத்தினால் அழகாக இருக்கும். ஆனால் நிறுத்த முடியாது. காவடி போய்ச் சேர்ந்த ஊர் கழுகுமலை. எட்டயபுரம் ஜமீனின் எல்லை. கவிஞர் இறந்து நான்கே வருடத்தில், 1895இல், அந்த ஊரின் தேர்வீதியில் யார் ஊர்வலம் போகலாம் என்ற சண்டை ரத்தத்தில் முடிந்தது. வீதிகள் கோயிலுக்குச் சொந்தம் என்றது ஜமீன் தரப்பு. பொதுவழி என்றார்கள் நாடார்கள். வழக்குகள் நடந்தன, பங்குனித் திருவிழாவில் கலவரம் வெடித்தது, இரண்டு பக்கமும் உயிர்கள் போயின. பூமணியின் 'அஞ்ஞாடி' (2012) இந்தக் காலத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. நாவலைப் படித்துவிட்டுக் காவடிச்சிந்தைக் கேட்டுப் பாருங்கள். அதே துள்ளல் இருக்கும். ஆனால் அந்தத் துள்ளல் யாருடைய கால்களுக்கு அனுமதிக்கப்பட்டது என்ற கேள்வி கூடவே நடந்து வரும். அரண்மனை மதிலுக்குள் இருந்த பட்டியல் வீதிக்கும் நீண்டிருந்தது. பாட்டு அதைத் தளர்த்தியது, கலைக்கவில்லை.

இதனால் காவடிச்சிந்து சிறுத்துப்போகும் என்று நான் சொல்லவில்லை. அரண்மனையை இடிக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. சொல்லப்போனால், மிச்சமிருக்கிற ஜமீன் வீடுகளைச் சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார்களை வைத்துப் பழுதுபார்க்க வேண்டும், சிமென்ட் மூட்டையை வாசலுக்குள் விடக்கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு. ஆனால் பழுதுபார்த்த பிறகு வாசலில் ஒரு போர்டு வைப்பார்கள் இல்லையா? அதில் பரம்பரைப் பட்டியலோடு கச்சேரி எது, களஞ்சியம் எது, குளத்து மடை எங்கே, எந்தக் குடிக்கு எவ்வளவு வாரம் என்பதையும் எழுதட்டும். ஜமீன் பெருமையைச் சாதிப் பெருமையாக மாற்றி இருபது வயதுப் பையன்களின் பைக்கில் ஸ்டிக்கராக ஒட்டுகிற காலம் இது. எங்க ஊர் சங்கரநாராயணர் கோயிலுக்குள் பூலித்தேவர் அறை என்று ஒன்று உண்டு. கம்பெனி ஆட்களின் கையிலிருந்து அவர் கோயிலுக்குள் போய் மறைந்தார் என்பது கதை. கோட்டையைத் தரைமட்டமாக்கிய பிறகு அவருக்கென்று ஜனங்கள் ஒதுக்கிக்கொண்டது அந்த ஒரு சின்ன அறைதான். அதன் முன்னால் நின்று யாரும் தேக்கையும் சுதையையும் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

காவடிச்சிந்துக்கு இப்போது சபாக்களிலும் இடம் கிடைத்திருக்கிறது. பெரும்பாலும் கச்சேரியின் கடைசியில், துக்கடா வரிசையில். ஏசி அரங்கில், ஜமக்காளம் விரித்த மேடையில், சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் பாடுகிறார்கள். கேட்பவர்களும் உட்கார்ந்துதான் கேட்கிறார்கள், தொடையில் தாளம் போட்டுக்கொண்டு. நன்றாகத்தான் பாடுகிறார்கள். ஆனாலும் பங்குனியில் கழுகுமலைக்குப் போகிற ரோட்டில், தார் சூடு காலில் ஏறும்போது, மைக்செட் இல்லாமல் நாலு பேர் இழுத்துப் பாடுவதைக் கேட்டவர்களுக்கு அது வேறு பாட்டு.