சாவி கொடுத்தால் ஓடுகிற உயிர்

பொம்மைக் கதைகளைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் இரண்டாவது வாக்கியத்தில் அன்பு வந்துவிடுகிறது. குழந்தை நேசித்தால் பொம்மைக்கு உயிர்; நேசம் வற்றினால் வெறும் துணியும் பஞ்சும். 1995-இல் 'டாய் ஸ்டோரி' வந்த பிறகு இது எழுதாத சட்டமாகிவிட்டது. படம் கெட்டிக்காரத்தனமானதுதான். சட்டம்தான் தவறு. விக்கிரமாதித்தன் சிம்மாசனத்துப் பதுமைகள் 32-இல் ஒன்றுகூட யாராவது கொஞ்சட்டும் என்று காத்திருந்து வாய் திறக்கவில்லை.

ஐரோப்பாவில் ஹாஃப்மன் 1816-இல் கொட்டையுடைக்கும் மரப்பொம்மையை எலிகளோடு சண்டைக்கு அனுப்பினார். ஆனால் பொருள்களை அவற்றின் குரலிலேயே பேசவைத்தவர் ஆண்டர்சன். அவருடைய தகரச் சிப்பாய்கள் (1838) 25 பேரும் ஒரே பழைய கரண்டியிலிருந்து வார்க்கப்பட்டவர்கள். கடைசி ஆளுக்குத் தகரம் போதவில்லை, அதனால் ஒற்றைக் கால். அவனை அடுப்பில் எறிகிற சிறுவனுக்கு ஒரு காரணம்கூடக் கிடையாது. இன்னொரு கதையில், கத்தரிக்கோல் முதல் இஸ்திரிப் பெட்டி வரை எல்லோரையும் பெண் கேட்டு அலைந்த சட்டைக் காலர் கடைசியில் கந்தலாகிக் காகிதமாகிறது. அதன் கதை அச்சாகியிருப்பதும் அந்தக் காகிதத்தில்தான். இந்தக் குறும்புக்கு இணையாக இன்றுவரை ஒன்றைக் காட்ட முடியுமா?

பிறகு சறுக்கல். பினோக்கியோ (1883) நல்ல பிள்ளையானால்தான் மனிதப் பிள்ளை. மார்ஜரி வில்லியம்ஸின் 'வெல்வெட்டீன் முயல்' (1922) சிறுவனின் அன்பால் 'நிஜமாகிறது'. காய்ச்சல் கண்ட வீட்டின் பொம்மைகளோடு எரியவேண்டிய நேரத்தில் தேவதை வந்து காப்பாற்றிவிடுகிறாள். கண்ணீரும் வரும், எரிச்சலும் வரும்.

நாராயண்கஞ்சில் வளர்ந்த ரூமர் காடன் தன் 'பொம்மை வீடு' நாவலில் (1947) தேவதைக்கு இடமே வைக்கவில்லை. அவருடைய பொம்மைகளால் ஆசைப்பட மட்டுமே முடியும். டாட்டி மரம், ஆகவே உறுதி. பேர்டி செல்லுலாய்டு, கனமில்லாதவள், கலகலப்பானவள். குழந்தைப் பொம்மையைத் தீயிலிருந்து காக்கக் குறுக்கே விழுகிறாள். ஒரே பளிச்சில் முடிந்துபோகிறாள். எதனால் செய்யப்பட்டாளோ அதுவே அவள் குணம், அவள் முடிவும் அதுவே.

இந்த வழியில் கடைசிவரை போனவர் ரஸ்ஸல் ஹோபன். 1967-இல் வந்த அவருடைய 'எலியும் அதன் பிள்ளையும்' நாவலைப் பட்டியல்காரர்கள் ஏன் தாண்டிப் போகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. கைகோத்த இரண்டு தகர எலிகள். சாவி கொடுத்தால் அப்பா சுழன்று பிள்ளையைத் தூக்கி ஆடும். கிறிஸ்துமஸ் மரத்தடியில் பிள்ளை அழுதுவிடுகிறது. பொம்மைகளின் விதிப்படி அது குற்றம். மிரண்ட பூனை பூஜாடியைத் தள்ள, இரண்டும் நசுங்கிக் குப்பைத்தொட்டிக்குப் போகின்றன. ஒரு நாடோடி எடுத்துச் சரிசெய்கிறான். ஆனால் ஆட்டம் போய்விட்டது, இனி நேரே நடக்க மட்டுமே வரும். குப்பைமேட்டில் மேனி என்ற பெருச்சாளி உடைந்த பொம்மைகளைக் கொத்தடிமைகளாக வேலை வாங்குகிறது. குளத்தடியில் இரண்டும் ஒரு நாய்த்தீனி டப்பாவை வெறித்தபடி கிடக்கின்றன: லேபிளில் ஒரு நாய், அது ஏந்திய டப்பாவில் அதே நாய், அதற்குள்ளும் அதே நாய். கடைசி நாய்க்கு அப்பால் என்ன இருக்கிறது? லேபிளின் புள்ளிகளுக்கு நடுவே வெறும் தகரத்தில் பிள்ளை தன்னையே பார்க்கிறது. குழந்தைகளுக்கு இது புரியாது என்பவர்கள் குழந்தைகளோடு பேசிப் பார்த்ததில்லை.

பிள்ளைக்கு வீடு வேண்டும், அம்மா வேண்டும், மறுக்கவில்லை. அப்பாவுக்கு வேண்டியது வேறு: தனக்குத்தானே சாவி கொடுத்துக்கொள்ளும் வழி. அது கிடைக்கிறது, கொஞ்ச காலத்துக்கு. பிறகு ஸ்பிரிங் தளர்கிறது, மறுபடி இன்னொருவர்தான் திருக வேண்டியிருக்கிறது. அப்படியானால் இதுவும் அன்புதானே என்று மடக்குவார்கள். இருக்கட்டும். ஹோபன் அங்கே போய்ச் சேர்ந்தது பொம்மையின் அமைப்பு வழியாக. சாவி அப்பா எலியின் முதுகில் இருக்கிறது. இரண்டு கைகளும் பிள்ளையைப் பிடித்திருக்கின்றன.