நஞ்சும் மாற்றும்: நிக்காண்டரின் இரு நூற்பெயர்களைத் தமிழாக்குவதில் உள்ள சிக்கல்

பண்டைய, இடைக்கால நச்சு மருத்துவ நூல்களைத் தமிழில் அறிமுகம் செய்வோர், கிரேக்க, வடமொழி, அரபுக் கலைச்சொற்கள் பலவற்றிற்கும் 'விஷமுறிவு மருந்து' என்னும் ஒரே தொடரை வழங்குவதுண்டு. எளிமை கருதிய இவ்வழக்கு மூலநூல்களின் பாகுபாட்டை மறைத்துவிடுகிறது. நிக்காண்டரின் நூற்பெயர்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

கி.மு. 2ஆம் நூற்றாண்டினராகப் பெரும்பாலும் கருதப்படும் கிரேக்கப் புலவர் நிக்காண்டர், நஞ்சு குறித்து இரு செய்யுள் நூல்களை இயற்றினார். கொடுவிலங்கைக் குறிக்கும் 'தெரியோன்' என்பதன் அடியாகப் பிறந்த பெயருடைய 'தெரியாக்கா', பாம்பு, தேள், சிலந்தி முதலியவற்றின் கடியையும் கொட்டையும் விளக்குகிறது. 'அலெக்ஸிஃபார்மகா' உட்கொண்ட நஞ்சுகளையும் அவற்றிற்கான மாற்றுகளையும் கூறுகிறது. இப்பெயரின் முற்பகுதி தடுத்துக் காத்தலைச் சுட்டும். பிற்பகுதியான 'ஃபார்மகோன்' மருந்து, நஞ்சு, வசியப்பொருள் ஆகிய மூன்றையும் குறிக்கும். தமிழ் 'மருந்து' என்னும் சொல்லும் 'இடுமருந்து' என்னும் தொகையில் இத்தகைய பொருள் விரிவைப் பெறுகிறது.

இவ்விரு நூல்களுக்கும் முறையே 'ஜங்கமம்', 'ஸ்தாவரம்' என்னும் வடமொழிச் சொற்களைப் பொருத்தலாம் எனத் தோன்றக்கூடும். அது பொருந்தாது. சுசுருத சங்கிதையின் கல்பஸ்தானம் நஞ்சை அதன் பிறப்பிடம் நோக்கிப் பகுக்கிறது: உயிரினங்களிலிருந்து வருவது ஜங்கமம், தாவரம், கனிமம் ஆகியவற்றிலிருந்து வருவது ஸ்தாவரம். நிக்காண்டரின் பாகுபாடோ நஞ்சு உடலுள் புகும் வழி நோக்கியது. கொப்புளம் எழுப்பும் வண்டின் நஞ்சு பிறப்பால் ஜங்கமம். எனினும் உட்கொள்ளப்படுவது என்பதால் அலெக்ஸிஃபார்மகாவில் இடம்பெறுகிறது. ஒரு மரபின் சொல்லை மற்றொன்றின் மேல் ஏற்றினால் இவ்வேறுபாடு புலப்படாது.

'தெரியாக்' பின்னர் ஒரு கூட்டு மருந்தின் பெயராயிற்று. நீரோவின் மருத்துவர் ஆண்ட்ரோமாக்கஸின் பெயரால் வழங்கிய அம்மருந்தில் விரியன் இறைச்சி, அபினி உள்ளிட்ட 60க்கும் மேற்பட்ட சரக்குகள் சேர்ந்தன. கேலன் அதனை நஞ்சுக்கு மட்டுமன்றி வேறு பல நோய்களுக்கும் பரிந்துரைத்தார். அரபியில் 'திர்யாக்' ஆகிய அச்சொல், பாரசீகத்தில் அபினியையும், ஆங்கிலத்தில் 'ட்ரீக்கிள்' என மாறிச் சர்க்கரைப் பாகையும் குறிக்கலாயிற்று. இவ்வரலாற்றை 'விஷமுறிவு மருந்து' என்னும் தொடர் தாங்காது.

இது சொல்லளவில் நிற்கும் குறையன்று. இன்றைய தமிழில் 'விஷமுறிவு மருந்து' என்பது, 1890களில் கால்மெட் முதலியோர் உருவாக்கிய எதிர்ப்பொருள் ஊசிமருந்தைக் குறிக்கிறது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்தனர் என 2020இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. இந்நிலையில் பழங்கூட்டு மருந்திற்கும் ஊசிமருந்திற்கும் ஒரே பெயரிடுவது, பின்னதன் ஆற்றலை முன்னதற்கும் ஏற்றிக் காட்டும். தெரியாக்கின் பயனை ஆங்கில மருத்துவர் ஹெபர்டன் 1745லேயே மறுத்தெழுதினார் என்பது நினைவுகூரத்தக்கது.

ஆகவே, நிக்காண்டரின் நூல்களைக் 'கடிவிட நூல்', 'உண்நஞ்சு மாற்று நூல்' எனப் பெயர்க்கலாம். 'அகதம்', 'தெரியாக்' ஆகியவற்றை ஒலிபெயர்த்து, முதல் வருகையில் விளக்கம் தரலாம். 'விஷமுறிவு மருந்து' ஊசிமருந்திற்கே உரியதாக நிற்பது நன்று. இதனால் வாசகர்க்குச் சிறிது சுமை கூடும். பொருள் மயக்கம் தரும் தீங்கை நோக்க அது பெரிதன்று.